போட்டோ முட்டை

கரண்டி அக்கா என்றால்தான் ஊரில் தெரியும். பேசும்போது கையில் கரண்டி இருந்தாக வேண்டும் அவளுக்கு. கோபம் வந்தால் அது மேலே ஏறும், சிரிப்பு வந்தால் ஆடும், எதிரில் நிற்பவர் புளுகினால் அவர் மூக்குக்கு நேரே வந்து நிற்கும். சத்துணவு மையத்தின் சமையல்காரி அவள். ஊரில் பாதிப் பேர் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிற ஆண்பிள்ளைகள்கூடத் தெருவில் அவளைக் கண்டால் தங்களை அறியாமல் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்கள். யாரைப் பார்த்தாலும் முதலில் அவள் கேட்பது, "கை கழுவினியா?" என்பதுதான்.

அவள் புருஷன் மரம் கடைகிறவர். வீட்டு முன்புறத்திலேயே பட்டறை. கட்டில் கால், தொட்டில் கட்டை, பிள்ளைகளுக்குப் பம்பரம் என்று நாள் முழுக்கக் கடைசல் இயந்திரம் சுற்றிக்கொண்டே இருக்கும். மனிதர் வாய் மட்டும் திறக்காது. அவர் ஒரு வாரத்தில் பேசுவதை அவள் காலையில் பல் விளக்கி முடிப்பதற்குள் பேசிவிடுவாள். ஒருவர் வாய் மூடியும் ஒருவர் வாய் மூடாமலும் அவர்கள் குடித்தனம் நன்றாகவே நடந்தது.

சமையல் வேலை அவள் தேடிப் போனதல்ல. முதல் பெண் பிறந்தபோது பூனைக்குட்டி மாதிரி இருந்தாள். பால் குடிக்கக்கூடத் தெம்பில்லை. பார்க்க வந்தவர்கள், "அடுத்தது நல்லாப் பொறக்கும்" என்று அவள் காதுபடவே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மையத்துக் கஞ்சிக்காகத் தினமும் வந்து உட்கார்ந்தவள், சும்மா உட்காருவானேன் என்று பாத்திரம் கழுவிக் கொடுத்தாள். பிறகு காய் நறுக்கிக் கொடுத்தாள். பழைய சமையல்காரி மகன் வீட்டோடு போய்விட்டபோது கரண்டி இவள் கைக்கு வந்தது. பூனைக்குட்டி வளர்ந்து, கல்யாணமாகி, இப்போது வேறோர் ஊரில் மாமியாரை மிரட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாள். அதனால் சர்க்கார் திட்டத்தை யாராவது நக்கலடித்தால் கரண்டி அக்காவுக்குப் பொத்துக்கொண்டு வரும். "எம் பொண்ணை எனக்குத் திருப்பிக் குடுத்தது இந்த அடுப்பு. வாயை அலம்பிட்டுப் பேசு" என்பாள்.

இந்த நம்பிக்கைக்குத்தான் பிறகு வேட்டு வைத்தார்கள்.

மையம் என்பது தகரக் கூரை போட்ட ஒரே ஓர் அறை, பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒரு சமையல்கட்டு. அறைச் சுவர் முழுக்க ஆப்பிளும் திராட்சையும் அன்னாசியும் வண்ணத்தில் பழுத்துத் தொங்கின. அந்தப் பழங்களைக் கண்ணால் தின்றே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். வாசலில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரிக்கிற படம். அந்தக் குழந்தை யார் வீட்டுக் குழந்தை என்று யாருக்கும் தெரியாது. இந்த ஊர்க் குழந்தை இல்லை என்பது மட்டும் பார்த்தாலே தெரியும்.

ஊருக்குச் சர்க்கார் வைத்திருந்த பெயர் 'பின்தங்கிய பகுதி'. ஊர் எங்கே போய்ப் பின்தங்கியது? அது பாட்டுக்கு இருந்த இடத்தில் இருந்தது. தார் ரோடு நாற்சந்தியோடு நின்றுகொண்டது. பஸ் ரோட்டோடு நின்றுகொண்டது. ஆஸ்பத்திரி பஸ்ஸோடு நின்றுகொண்டது. வர வேண்டியவை எல்லாம் பாதி வழியில் நின்றுவிட்டு, பழியை ஊரின் தலையில் கட்டின. ஒருவழியாக இப்படிப்பட்ட ஊர்களுக்கென்று சிறப்புத் திட்டம் ஒன்று வந்தது: மையத்துக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் தினம் ஓர் அவித்த முட்டை.

முட்டை வந்த முதல் நாள் கரண்டி அக்கா அடுப்பங்கரையைக் கழுவிவிட்டு, நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்தாள். ஏதோ சம்பந்தி வருகிற மாதிரி. முட்டைகளை உரித்துத் தட்டுத் தட்டாக வைத்துக்கொண்டே போனபோது அறையில் சத்தமே இல்லை. சில பிள்ளைகள் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு குட்டிப் பெண் மட்டும் இரண்டு கையாலும் முட்டையைப் பிடித்து முன்பல்லால் கொறித்துக் கொறித்துத் தின்றாள். மேல்பல் இரண்டும் கொஞ்சம் பெரிசு. "அடி என் அணிலே" என்றாள் கரண்டி அக்கா. அதுமுதல் அது அணில்தான்.

அணிலின் அம்மா செங்கல் சூளையில் கல் அறுக்கிறவள். விடிவதற்குள் போனால் வெயில் இறங்கித்தான் வருவாள். அப்பன் வெளியூரில் வேலை தேடிப் போனவன், இன்னும் தேடிக்கொண்டிருந்தான். வீட்டில் கைக்குழந்தை வேறு. மையத்தில் பிள்ளைகளின் மேல்கையைச் சுற்றி அளக்க ஒரு பட்டை உண்டு: பச்சை வந்தால் நல்லது, மஞ்சள் வந்தால் கவனிக்க வேண்டும், சிவப்பு வந்தால் ஆபத்து. அணிலுக்குச் சிவப்பு. முட்டை வரத் தொடங்கிச் சில மாதத்தில் அது மஞ்சளுக்கு ஏறியது. டீச்சர் பட்டையைத் தூக்கிக் காட்டியபோது கரண்டி அக்காவின் கரண்டி தலைக்கு மேல் ஆடிய ஆட்டத்தில் குழம்பு கூரையில் தெறித்தது. அந்தக் கறை இன்னும் அங்கே இருக்கிறது.

டீச்சர் சின்னப் பெண். மையத்துக்குப் பொறுப்பு அவள்தான். நல்லவள், ஆனால் பயந்தவள். செல்போன் அடித்தாலே எழுந்து நிற்பாள், எதிர்முனையில் இருப்பவருக்கு அது தெரியும் என்பதுபோல.

மழைக்குப் பிறகு நாற்சந்தியைத் தாண்டி இருந்த சிறு பாலம் உட்கார்ந்துவிட்டது. முட்டை லாரி வருவது நின்றது. பாலம் சரிசெய்த பிறகும் லாரி வரவில்லை. வராமலே பழகிவிட்டது போலும். டீச்சர் மேடத்துக்குப் போன் செய்தாள். மேடம் என்பவர் சுற்று வட்டாரத்து மையங்களுக்கெல்லாம் மேற்பார்வையாளர். ஜீப்பில் வருவார், ஜீப்பிலிருந்து அதிகம் இறங்கமாட்டார்.

"முட்டை வந்துடுச்சுன்னு மேல கணக்கு இருக்கும்மா" என்றார் மேடம்.

"இங்க வரல மேடம்."

"லாரிக்காரன் இறக்கினேன்னு சொல்றான். நீ வரலன்னு சொன்னா, அப்ப அது எங்க போச்சுன்னு யாரைக் கேப்பாங்க? அவனையா? அவனுக்குப் பின்னாடி யார் இருக்கான்னு உனக்குத் தெரியுமா? உன்னைத்தான் கேப்பாங்க. தின்னுட்டியான்னு கேப்பாங்க."

டீச்சர் நின்றபடியே தலையாட்டினாள்.

சிக்கல் அதோடு முடியவில்லை. திட்டத்தில் திருட்டு நடக்கக் கூடாதென்று மேலிடத்தில் மூளையைக் கசக்கி ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தட்டோடு செல்போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். தட்டில் முட்டை தெரிய வேண்டும், பிள்ளை முகம் தெரிய வேண்டும், முடிந்தால் சிரிக்க வேண்டும். படம் போகாவிட்டால் மையம் மூடியிருந்ததாக அர்த்தம். டீச்சருக்கும் சமையல்காரிக்கும் அன்றைய சம்பளம் கிடையாது, மறுநாள் அரிசிக்கும் ஆபத்து. திருடனைப் பிடிக்க வைத்த பொறி அது. திருடன் லாரியில் சொகுசாகப் போய்க்கொண்டிருந்தான். பொறியில் மாட்டியது இவர்கள்.

"ஒரு முட்டை இருந்தாக்கூடப் போதுமே. ஒவ்வொரு தட்டா மாத்தி மாத்தி வெச்சு எடுத்துடு. கொஞ்ச நாளைக்குத்தானே, சமாளிம்மா" என்றார் மேடம்.

அப்படித்தான் ஆரம்பித்தது. டீச்சர் தன் கைக்காசில் ஒரு முட்டை வாங்கி வந்தாள். கரண்டி அக்கா அதை அவித்து உரித்தாள். முதல் பிள்ளையின் தட்டில் வைத்தாள், பிள்ளை சிரித்தது, டீச்சர் படம் எடுத்தாள். முட்டை அடுத்த தட்டுக்குப் போனது. அடுத்த பிள்ளை சிரித்தது. இப்படியே கடைசித் தட்டு வரைக்கும் ஊர்வலம். முட்டை போன பிறகு பிள்ளைகள் வெறும் சோற்றையும் பருப்பையும் பிசைந்தார்கள். ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் மற்றவை அழும் என்று அதைப் பூட்டி வைத்து மறுநாளும் சுற்றினார்கள். நாற்றமெடுத்ததும் வெளியே எறிந்தார்கள். மையத்து வாசலில் படுத்திருக்கும் நாய் ஒரே வாயில் விழுங்கிவிட்டு இன்னும் இருக்கிறதா என்று பார்த்தது. சர்க்கார் திட்டத்தில் முழு முட்டை தின்றது அந்த நாள்களில் அது ஒன்றுதான்.

கரண்டி அக்காவின் கரண்டி மேலே ஏறியது. "இது பாவம் டீச்சர்" என்றாள். "எனக்கு மட்டும் தெரியாதா அக்கா? மையத்தையே மூடிட்டா இந்தச் சோறும் இல்லாமப் போயிடுமே" என்று டீச்சர் அழுதுவிட்டாள். அழுகிற பெண்ணிடம் கரண்டியை நீட்ட முடியவில்லை. கொஞ்ச நாள்தானே, லாரி வந்துவிடும் என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு நாள் முட்டை அணிலின் தட்டுக்கு வந்தது. படம் எடுத்தாயிற்று. கரண்டி அக்கா கையை நீட்டுவதற்குள் அணில் இரண்டு கையாலும் முட்டையைத் தூக்கிக் கடித்துவிட்டாள்.

இன்னும் பாதி வரிசை பாக்கி. "ஐயோ, உடைச்சிட்டியேடி" என்று கத்திக்கொண்டே கரண்டி அக்கா அதை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். பல்லில் ஒட்டியிருந்த துணுக்கு மட்டும்தான் அவளுக்கு மிஞ்சியது. கடித்த பக்கத்தைக் கீழே திருப்பி வைத்து மீதித் தட்டுகளைப் படம் எடுத்து முடித்தார்கள். அணில் அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, ஏதோ பெரிய பொருளை உடைத்துவிட்ட பிள்ளை மாதிரி, மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்று இரவு கரண்டி அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் அவள் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் டீச்சர்தான் வழி கண்டுபிடித்தாள். "அக்கா, அண்ணன் மரம் கடையறவர்தானே?"

வெட்கக்கேடு என்று தெரிந்தும் கரண்டி அக்கா அதைச் செய்தாள். பிடுங்குகிற கொடுமையைவிட இது மேல் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பட்டறையில் போய் நின்று, "என்னங்க, ஒரு முட்டை கடைஞ்சு குடுங்களேன்" என்றாள்.

"எதுக்கு?"

"கோழிக்கு. ஒண்ணு முட்டையிடாமப் படுத்துது. ஒரு முட்டையைக் கண்ணுல காட்டினா அதே இடத்துல வந்து இடுமாமே."

"யார் வீட்டுக் கோழி?"

"சர்க்கார் கோழி" என்று சொல்லிவிட்டு அவசரமாகச் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டார். கோழிதானே என்று அலட்சியமாகச் செய்கிற ஆள் இல்லை அவர். வெளிர்நிறக் கட்டையாகப் பார்த்து எடுத்து, கடைந்து, உப்புத்தாளால் இழைத்து இழைத்து, வெள்ளை பூசிக் காயவைத்துக் கொடுத்தார். அச்சு அசல் உரித்த முட்டை. கையில் வாங்கியபோது அவளுக்கே ஒரு கணம் நாக்கில் ஊறியது.

பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. மரமுட்டை உடையாது, நாறாது, நாய் தின்னாது. தொலைந்துவிடக் கூடாதென்று கரண்டி அக்கா அதைத் தன் துணிப்பையில் போட்டுத் தன்னோடே வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் அதற்குப் 'போட்டோ முட்டை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தட்டில் வந்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள், பல்லைக் காட்டுவார்கள், படம் எடுத்ததும் தாங்களே தூக்கி அடுத்த தட்டில் வைத்துவிடுவார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு நல்ல பிள்ளைகள். அணில் மட்டும் ஒருநாள், யாரும் பார்க்காதபோது, அதையும் கடித்துப் பார்த்தாள். பூச்சு பெயர்ந்து இரண்டு பல்லின் தடம் விழுந்தது. டீச்சர் தடத்தைக் கீழ்ப்பக்கம் திருப்பி வைக்கப் பழகிக்கொண்டாள்.

மேடம் ஒருமுறை வந்தபோது மரமுட்டையைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். திட்டுவார் என்று கரண்டி அக்கா எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். மேடம் முகமெல்லாம் மலர்ந்தது. "பிரமாதம். மத்த மையத்துலயும் இதே தொல்லைதான். உங்க வீட்டுக்காரரை இன்னும் கொஞ்சம் செஞ்சு தரச் சொல்லும்மா, காசு குடுத்துடலாம்."

இந்த ஊருக்கு மட்டும் வந்த கேடு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வட்டாரம் முழுக்க இதே கண்துடைப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. முட்டைக்குக் காசில்லை, மரத்தில் முட்டை செய்யக் காசிருக்கிறது.

வீட்டில் போய்ச் சொன்னாள். "இத்தனை கோழியா முட்டையிடல?" என்று கேட்டார் புருஷன். இதற்குமேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் இயந்திரத்தை நிறுத்தினார். அது சுற்றி நின்றது.

"கோழியை ஏமாத்தறது முட்டையிடறதுக்கு" என்றார். "பிள்ளைங்களை ஏமாத்தி என்னத்தை வாங்கப் போறீங்க?"

அன்றுமுதல் பல நாள் அவர் அவளோடு பேசவில்லை. எப்போதும்தான் பேசமாட்டார், ஆனால் இது வேறு மாதிரி என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் முடியாதென்றதும் மேடம் கடையில் பிளாஸ்டிக் முட்டை வாங்கி மற்ற மையங்களுக்குக் கொடுத்துவிட்டார். அதற்கொன்றும் லாரி தேவைப்படவில்லை, ஜீப்பே போதுமாக இருந்தது.

அணிலின் கை மறுபடி சிவப்புக்கு இறங்கியது. டீச்சர் அதை அப்படியே அனுப்பினாள். மேடம் போனில் பிடித்துக்கொண்டார். "தினம் முட்டை தின்ற பிள்ளை எப்படிம்மா சிவப்புல வரும்? பட்டையை ஒழுங்காப் பிடிச்சுப் பாரு. மஞ்சள்னு போடு." டீச்சர் மஞ்சள் என்று போட்டாள். செல்போனில் அணில் தேறிக்கொண்டே வந்தாள். மையத்தில் அவள் விளையாடுவதை நிறுத்திவிட்டுச் சுவரோரம் படுக்கத் தொடங்கினாள்.

ஒருநாள் காலையில் அணிலின் அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கரண்டி அக்காவின் வீட்டுக்கே வந்துவிட்டாள். "காலு வீங்கியிருக்குக்கா. ஆஸ்பத்திரிக்குப் போகணும். எனக்கு அங்கல்லாம் பேசத் தெரியாது, கூட வரியா?"

கரண்டி அக்கா பாதத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். விழுந்த பள்ளம் அப்படியே நின்றது. மகள் பிறந்த காலம் நினைவுக்கு வந்தது. அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பட்டறையிலிருந்து புருஷன் எழுந்து வந்து, பல நாளைக்குப் பிறகு ஒரு வார்த்தை சொன்னார்: "சொல்லிடு."

சொல்கிறதாக அவளுக்கு எண்ணமில்லை. சொன்னால் வேலை போகும். அவள் வேலையோடு போகாது, டீச்சர் பிழைப்பும் போகும். எப்படியாவது கெஞ்சிக் கூத்தாடி அணிலைச் சேர்த்துவிட வேண்டும், சங்கதி வெளியே வராமல் பூசி மெழுகிவிட வேண்டும் என்றுதான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள்.

"வீட்ல இவ ஒரு விளையாட்டு விளையாடறாக்கா" என்றாள் அணிலின் அம்மா. "தட்டுல ஒரு கூழாங்கல்லை வெச்சுக்கிட்டு இளிக்கிறா. அப்புறம் அதை எடுத்துத் தம்பி முன்னால வெச்சு, சிரிடா சிரிடாங்கிறா. என்ன விளையாட்டுன்னே புரியல."

கரண்டி அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 

ஆஸ்பத்திரியில் இளைத்த பிள்ளைகளுக்கென்று தனி வார்டு இருந்தது. வாசலில் பெஞ்சு நிறையத் தாய்மார்கள். டாக்டரம்மா பாவம், தூங்காத கண். அணிலை எடை போட்டுப் பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார், பிறகு மையத்தின் பெயரைக் கேட்டுச் செல்போனில் தேடினார். அதில் அணிலின் படங்கள் வரிசையாக வந்தன. தட்டு, சோறு, முட்டை, சிரிப்பு. தட்டு, சோறு, முட்டை, சிரிப்பு.

"இங்க இடம் ரொம்பக் குறைச்சல்" என்றார் டாக்டரம்மா. "மையத்துல சாப்பாடே கிடைக்காத பிள்ளைங்களைத்தான் முதல்ல சேர்க்கச் சொல்லியிருக்காங்க. இவளுக்குத்தான் தினம் முட்டை கிடைக்குதே. மஞ்சள்னுதான் போட்டிருக்கு." பிறகு அணிலின் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, சர்க்கார் ஒரு வேளை இவ்வளவு குடுக்குது. நீ வீட்ல என்ன பண்றே? பட்டினி போடறியா?"

சூளைக்காரிக்குக் குனிந்த தலை நிமிரவில்லை. விரலிடுக்கில் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே, "தப்பு என்னுதுதாம்மா" என்றாள். "சாயங்காலம் வந்ததும், முட்டை குடுத்தாங்களான்னு கேப்பேன். குடுத்தாங்கம்பா. சரி, இவதான் அங்க முட்டை தின்னுட்டு வந்துட்டாளேன்னு, ராத்திரி இவ பங்குப் பாலைச் சின்னதுக்குக் குடுத்துட்டேன். நாந்தான் குடுத்தேன்."



இத்தனை நாளும் கரண்டி அக்கா நினைத்துக்கொண்டிருந்தது வேறு. முட்டை வரவில்லை, அவ்வளவுதான். இல்லாததை இருக்கிறதாகக் காட்டுகிறோம், பிள்ளைக்கு அதனால் புதிதாக நஷ்டம் ஒன்றுமில்லை என்று. அந்த மரமுட்டை இந்தப் பிள்ளையின் வீட்டுக்குள் புகுந்து, அவள் வாய்க்குப் போக வேண்டிய பாலையும் தட்டிப் பறித்திருக்கிறது. லாரிக்காரன் முட்டையைத் தின்றான். பாலைப் பறித்தவர்களில் தானும் ஒருத்தி. அதற்குப் பெற்றவள் இங்கே குற்றவாளி மாதிரி நிற்கிறாள், தானோ பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றுகொண்டு.

கரண்டி கையில் இல்லை. பைக்குள் கையை விட்டாள். மரமுட்டையை எடுத்து டாக்டரம்மாவின் மேஜைமேல் வைத்தாள். அது உருண்டு செல்போனில் இடித்து நின்றது.

"அவ தின்ன முட்டை இதுதாம்மா" என்றாள். "எங்க வீட்டுக்காரர் கடைஞ்சது. எல்லாப் பிள்ளைங்களுக்கும் இது ஒண்ணுதான். இந்தக் கையாலதான் வெச்சேன், இந்தக் கையாலதான் எடுத்தேன். திருப்பிப் பாருங்க, அவ பல்லு பதிஞ்சிருக்கு."

டாக்டரம்மா திருப்பிப் பார்த்தார். விரல் அந்தத் தடத்தின்மேல் போய் நின்றது. அணிலின் வாயையும் ஒருமுறை பார்த்தார். பெஞ்சில் இருந்த தாய்மார்களில் ஒருத்தி எழுந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ல பிளாஸ்டிக்ம்மா" என்றாள், மிகச் சாதாரணமாக.

"சேர்த்துக்கிறேன்" என்றார் டாக்டரம்மா. "இது என்கிட்ட இருக்கட்டும்."

சூளைக்காரி கரண்டி அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். "அப்ப எம் பொண்ணு எங்கிட்டப் பொய் சொன்னாளாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"அவ பொய் சொல்லலம்மா. தட்டுல வெச்சோம். வெச்சதைத்தான் சொல்லியிருக்கா."

டாக்டரம்மா எழுதி அனுப்பினார் போலிருக்கிறது. ஒரு வாரத்துக்குள் விசாரணை என்று ஜீப் மேல் ஜீப்பாக வந்து, முடிந்தும்விட்டது. எது அசைந்தாலும் கடைசியில் விழுவது அடியில் இருப்பவர்கள் தலையில்தானே. லாரிக்காரன் மேல் ஒரு கீறல் இல்லை. மேடத்துக்கு வேறு வட்டாரத்துக்கு மாற்றல், அதுவும் டவுனுக்குப் பக்கத்தில். டீச்சருக்கு எச்சரிக்கை. கரண்டி அக்காவை வேலையை விட்டு நீக்கினார்கள். காரணம் என்ன தெரியுமா? 'குழந்தைகளின் உணவுத் தட்டில் சுகாதாரமற்ற மரப்பொருளை வைத்தது.' முட்டை ஏன் வரவில்லை என்பதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. பிள்ளைகளின் சுகாதாரத்தில் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை. டீச்சர் அதைப் படித்துக் காட்டும்போது பாதியில் நிறுத்தி அழுதாள். "அழாதே. அடுப்பைப் பாரு, சோறு அடிப்பிடிக்குது" என்றாள் கரண்டி அக்கா. கரண்டியை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தாள். வாசலில் கொழுகொழு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அதன் மூஞ்சியில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

நேராக ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

வார்டில் முதல் சில நாள் பால் மட்டும்தான் கொடுத்தார்கள். வற்றிய வயிறு சட்டென்று எதையும் தாங்காதாம். வீக்கம் வடிந்து, அணிலின் கண்ணில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. கரண்டி அக்கா போன அன்றுதான் முதல் தடவையாக முட்டை கொடுக்கிற நாள். நர்ஸ் கட்டில் கட்டிலாகத் தட்டை வைத்துக்கொண்டு வந்தாள். அணிலின் தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் உரித்த முட்டை ஒன்று, சூடு ஆறாமல்.

அணில் தட்டைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். நர்ஸைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள். சிரித்தபடியே இருந்தாள்.

"என்ன சிரிப்பு? சாப்பிடு" என்றாள் நர்ஸ், புரியாமல் தானும் சிரித்துக்கொண்டு.

யாரும் படம் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, அணில் இரண்டு கையாலும் முட்டையைப் பத்திரமாகத் தூக்கி, பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தட்டை நோக்கி நீட்டினாள்.

கரண்டி அக்கா ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள். "உன்னுதுதான் கண்ணு. யாரும் எடுக்க மாட்டாங்க. தின்னு."

பிடித்த வேகத்தில் அணிலின் விரல் முட்டைக்குள் அழுந்திவிட்டது. வெள்ளை விண்டு மஞ்சள் தெரிந்தது. அணிலின் சிரிப்பு நின்றது. விரலையும் முட்டையையும் பார்த்தாள். பிறகு கரண்டி அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"அத்தை, நான் உடைக்கல. அதுவா உடைஞ்சிருச்சு."